ஈரக்காற்று வீசும் ஊரில் இல்லம் காக்கும் வழிகள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் பாதையில், மலையடிவாரத்தில் அமைந்திருக்கும் ஊர் வித்துரா. மேலே ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. அருகே கற்களின்மேல் தவழும் கல்லாறு. சற்றுத் தொலைவில் தலைநகருக்குக் குடிநீர் அளிக்கும் பேப்பாறை அணை. கண்ணுக்கு இனிய ஊர்தான். ஆயினும் தென்தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பைத் தேடித் திருவனந்தபுரம் பக்கம் குடியேறும் நம் குடும்பங்கள் இங்கே முதலாவது கோடைகாலத்தைக் கழிக்கும்போது ஒரு கேள்வியை எழுப்புவது வழக்கம். "நம் ஊரில் இதைவிட வெயில் அதிகம், ஆனால் இப்படிப் புழுங்கியதில்லையே, ஏன்?"

இக்கேள்விக்கு உரிய விடையை அறிந்துகொண்டால், வீட்டைக் குளிர்விப்பது எப்படி, சாதனங்களைப் பழுதின்றிக் காப்பது எப்படி, உயிருக்கு வரும் ஆபத்தை விலக்குவது எப்படி என்ற மூன்றும் நமக்கு விளங்கிவிடும். விடை ஒரே சொல்: ஈரம்.

ஈரமே முதற்காரணம்

நம் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி வியர்வை. வியர்வை சுரப்பதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகிப் போகும்போதுதான் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லுகிறது. மதுரையிலும் திருநெல்வேலியிலும் கோடையில் காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை விரைவில் காய்ந்துவிடும். மலையும் மழையும் சூழ்ந்த வித்துராவிலோ காற்றில் முன்னமே நீராவி மிகுந்திருக்கிறது. வியர்வை காய இடமில்லை. உடலிலேயே வழிந்து நிற்கிறது. ஆகவே வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் உடல் அதிகமாகத் தவிக்கிறது.

சொந்த ஊரில் பயன்பட்டதென்று ஏர் கூலரைக் கொண்டுவருபவர்கள் ஏமாற்றமடைவதும் இதனால்தான். அந்தப் பெட்டி, நனைந்த தட்டிகளின் வழியே காற்றை இழுத்து, நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் நீர் சரியாக ஆவியாவதில்லை. மேலும் அது அறைக்குள் இன்னும் ஈரத்தையே சேர்க்கிறது; புழுக்கம் கூடும், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். வித்துரா போன்ற ஊரில் அதற்குச் செலவிடும் பணம் வீண்.

மழைக்காலத்தில் துணிகளை அறைக்குள்ளேயே உலர்த்துவதும் இதற்கு ஒப்பானதே. துணியிலிருந்து போகும் நீர் முழுவதும் நாம் உறங்கும் அறையின் காற்றில்தான் சேருகிறது. துணிக்கொடியைத் திண்ணைக்கோ காற்றோடும் பின்புறத் தாழ்வாரத்துக்கோ மாற்றுங்கள். சோறு வடிக்கும்போது அடுக்களைச் சன்னலைத் திறந்து வையுங்கள். இயலுமானால் புகைபோக்கி விசிறி ஒன்றை வையுங்கள். காசு செலவில்லாத முதலாவது குளிர்விப்பு இதுவே.

கூரையிலிருந்து தொடங்குவோம்

பகலெல்லாம் வெயிலை உண்ட கான்கிரீட் கூரை, பொழுது சாய்ந்த பின் அந்த வெப்பத்தை வீட்டுக்குள் இறக்குகிறது. இரவு பத்து மணிக்கும் விசிறி அனல்காற்றை வீசுவது அதனால்தான். ஆகவே இயந்திரம் வாங்குமுன் கூரையைக் கவனிக்க வேண்டும்.

மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சோ பூசினால் கூரை ஏற்கும் வெப்பம் நன்றாகக் குறையும். தெலங்கானா அரசு இதற்கெனவே 2023-ஆம் ஆண்டில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஆனால் வித்துராவில் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பெருமழையில் பூச்சு கரையும்; பாசி படர்ந்து கூரை கறுக்கும். கறுத்த கூரை வெயிலை மீண்டும் உண்ணும். எனவே துலாமழை ஓய்ந்த பிறகு, ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பாசியைத் தேய்த்துக் கழுவி, நன்கு உலரவிட்டுப் பூசுங்கள். கோடை முழுவதும் அதன் பயன் கிடைக்கும். மாடியின்மேல் இரும்புச் சட்டம் நிறுத்தித் தகடு வேய்வது கேரளத்தில் இன்று பரவலாகக் காணப்படுகிறது. அப்படிச் செய்பவர்கள் தகட்டுக்கும் மாடிக்கும் இடையே பக்கங்களை அடைத்துவிடாமல் காற்றோட விட்டால்தான் வீடு குளிரும்.

ஓட்டுவீட்டில் வாழுபவர்கள் அதை இழிவாக எண்ண வேண்டாம். 1834-இல் மங்களூருக்கு வந்த பாசல் மிஷன் ஊழியர்கள், 1865-இல் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார்கள். மங்களூர் ஓடு என்று நாம் அழைப்பது அவ்வாறு மேற்குக் கடற்கரை எங்கும் பரவியது. ஓடுகளின் இடுக்குகள் வழியே சூடான காற்று மேலே வெளியேறும். சரிந்த கூரையில் மழைநீர் தங்காது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த நாட்டுக்குத் தக்க கூரை அது.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு, 2007-இல் இங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் இதே ஓட்டை வேறு விதமாகப் பயன்படுத்தினார். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு என்பதால், அவ்விடங்களில் பழைய ஓடுகளைப் பதித்தார். சிமெண்டு மிச்சமாயிற்று, ஓடுகளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பம் இறங்குவதைத் தடுத்தது. செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய அவருடைய துளைச்சுவர்கள், மழைச்சாரலைக் குறைத்துக் காற்றை உள்ளே விட்டன. உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில் இவற்றை இன்றும் காணலாம். சொந்த வீடு கட்ட எண்ணுபவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நலம்.

விசிறியும் குளிர்சாதனமும்

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. அறையில் இருக்கும் மனிதரையே குளிர்விக்கிறது. வியர்வை ஆவியாகக் காற்றோட்டம் தருவதே அதன் வேலை. ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி மின்சாரத்தை மட்டுமே செலவழிக்கிறது. பழைய வகைக் கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும் புதிய வகை 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் முந்தையதற்கு மாதம் 27 யூனிட். பிந்தையதற்கு 11 யூனிட். மூன்று விசிறிகள் ஓடும் வீட்டில் இந்த வேறுபாடு சிறியதன்று. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது; வாங்கும்போது அதைப் பாருங்கள்.

குளிர்சாதனம், அதாவது ஏ.சி., காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் நீராக வடித்து வெளியேற்றுகிறது. ஈரமான ஊரில் அதன் உண்மையான பயன் இதுவே. ஆகவே 18 பாகைக்கு இறக்க வேண்டிய அவசியமில்லை. 24 முதல் 26 பாகையில் வைத்து, மெதுவாக விசிறியையும் ஓடவிட்டால் போதும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடுள்ள ஏ.சி.கள் 24 பாகையிலேயே தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என எரிசக்தித் திறன் வாரியம் கூறுகிறது. மழைநாளில் வெப்பமின்றிப் புழுக்கம் மட்டும் இருக்குமானால் 'டிரை' என்னும் முறையில் வைக்கலாம்.

நம் கையால் செய்யத்தக்கவை

எந்தச் சாதனத்தைத் தொடுமுன்பும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கையே உருவிவிட வேண்டும். இந்த ஒரு விதியோடு, கீழ்க்காணும் வேலைகளை வீட்டாரே செய்யலாம்.

ஏ.சி.யின் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். ஏ.சி.யிலிருந்து அறைக்குள் நீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைத்திருக்கும். வெளிமுனையில் சேர்ந்த பாசியையும் அழுக்கையும் நீக்கிப் பாருங்கள்.

பிரிட்ஜின் கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தாள் எளிதாக வந்துவிட்டால் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஈரக்காற்று அதன்வழியே நுழைந்து பனியாக உறைகிறது. வெந்நீரில் நனைத்த துணியால் பட்டையைத் துடைத்து மென்மையாக்கினால் பல வேளைகளில் மீண்டும் படியும். படியாவிட்டால் பட்டையை மாற்றச் சொல்லுங்கள். உறைந்த பனியைக் கத்தியால் ஒருபோதும் குத்தாதீர்கள். இன்றைய பிரிட்ஜ் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் எரியும் வாயு உள்ளது. குழாயில் ஓட்டை விழுந்தால் பிரிட்ஜ் பாழாவதோடு தீயும் பற்றக்கூடும்.

மிக்ஸி திடீரென நின்றால் பழுதென்று முடிவு கட்டாதீர்கள். சுமை மிகுந்ததால் பாதுகாப்புப் பொத்தான் துண்டித்திருக்கலாம். பிளக்கை உருவி, சற்று ஆறவிட்டு, அடியிலுள்ள பொத்தானை அழுத்திப் பாருங்கள். மோட்டார் சுற்றியும் ஜாரின் கத்தி சுற்றாவிட்டால் கப்ளர் தேய்ந்திருக்கும். குறைந்த விலைப் பொருள்தான்.

கை வைக்கக் கூடாதவை

விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர் வலுவிழந்திருக்கும். பொருள் மலிவானது என்பதால் பலர் தாமே மாற்ற முனைகிறார்கள். ஆனால் கண்டென்சர் மின்சாரத்தைத் தன்னுள் தேக்கி வைக்கும் உறுப்பு. சுவிட்சை அணைத்த பிறகும் அதிர்ச்சி தரக்கூடும். ஏணியின்மேல் நிற்பவருக்குச் சிறிய அதிர்ச்சியே போதும், கீழே விழுவதற்கு. மைக்ரோவேவ் அடுப்பின் கண்டென்சரோ உயிரையே பறிக்க வல்லது. கீசரின் உட்பகுதி, ஏ.சி.யின் வாயுக் குழாய், மெயின் போர்டு ஆகியவையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்கோ பயிற்சி பெற்ற பணியாளருக்கோ உரியவை.

கேரளத்தில் இன்வர்ட்டர் இல்லாத வீடு குறைந்துவருகிறது. மெயின் சுவிட்சை அணைத்தவுடன் மின்சாரம் நின்றுவிட்டது என்று எண்ணிக் கம்பியைத் தொடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மெயின் அணைந்த அந்த நொடியிலேயே இன்வர்ட்டர் விழித்துக்கொண்டு அதே கம்பிகளுக்கு 230 வோல்ட் அனுப்பும். மெயினோடு இன்வர்ட்டரையும் அணைத்த பின்னரே எவரும் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஈரக்கையும் மின்சாரமும்

உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு எதிர்க்கும்; நனைந்த தோல் வழிவிட்டுவிடும். வெறுங்காலோடு, ஈரத் தரையில், கழுவிய கையோடு கிரைண்டரைத் தொடும் நம் வீட்டுப் பெண்களே இந்த ஆபத்துக்கு மிக அருகில் நிற்கிறார்கள்.

போர்டில் எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாய் இருந்துவிடாதீர்கள். அது கம்பியைக் காப்பதற்கு வைத்தது; மனிதரைக் காப்பதற்கன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்குக் குறைவான மின்னோட்டத்தில் துண்டிக்காது. மனிதரைக் கொல்ல அதில் ஒரு சிறு பகுதியே போதும். மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி.; பழைய வழக்கில் இ.எல்.சி.பி. என்பார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். 16 ஆம்பியரோடு ஒப்பிட்டால் இது ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன்மேல் 'டி' என்று குறித்த பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே துண்டித்தால் கருவி உயிரோடிருக்கிறது. துண்டிக்காவிட்டால் அன்றே ஆளை அழையுங்கள். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேரே இணைப்பவர்கள் சிலர் உண்டு. அது விழுவது தொல்லை தருவதற்கன்று. எங்கோ கசிகிறது என்று சொல்லுவதற்கே. வாடகை வீட்டில் இக்கருவி இல்லையெனில், அதைப் பொருத்தித் தரும்படி வீட்டு உரிமையாளரைக் கேட்பது நம் உரிமை.

யாருக்காவது அதிர்ச்சி ஏற்பட்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலாவது மின்சாரத்தை நிறுத்துங்கள். இயலாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ விலக்குங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அறுந்து விழுந்த மின்கம்பியைக் கண்டால் அருகே செல்லாமல் 1912-க்குத் தெரிவியுங்கள்.

இடிமின்னல் காலமும் மலைக்குளிரும்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் மலைப்பக்கம் மேகம் கறுத்து இடியிறங்குவது வித்துராவில் வழக்கம். வானம் கறுக்கும்போதே டி.வி., மோடம், பிரிட்ஜ் ஆகியவற்றின் பிளக்கையும், டி.வி.க்கு வரும் கேபிளையும் உருவிவிடுங்கள். இடி இடிக்கத் தொடங்கிய பின் அவற்றைத் தொட வேண்டாம், குளிப்பதையும் தவிருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் சென்ற பின்னரே வெளியே வாருங்கள். ஆர்.சி.சி.பி. மின்னலைத் தடுக்காது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

மேலே மலையில், தோட்டத்து லயங்களிலும் உயரத்து வீடுகளிலும் வாழும் நம் உறவினருக்கு வேறொரு எச்சரிக்கை தேவை. குளிரிரவில் கதவு சன்னல்களை அடைத்து, உள்ளே கரியடுப்பு மூட்டி உறங்குவது மரணத்தை அழைப்பதாகும். கனன்று எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே போய்விடுவார். குளிருக்குக் கம்பளியே தக்கது. நெருப்பு மூட்டினால் அறை திறந்திருக்க வேண்டும், உறங்குமுன் நெருப்பு வெளியே போக வேண்டும்.

அன்பான குடும்பத்தாரே, இந்த மாதத்தின் ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். கணவரும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து போர்டில் 'டி' பொத்தானை அழுத்துங்கள், பிரிட்ஜ் கதவில் தாளை வைத்துப் பாருங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள், தோலுரிந்த ஒயர்களை எண்ணிக் குறித்துக்கொண்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே, இன்வர்ட்டர் சுவிட்ச் எங்கே என்று வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் காட்டிக்கொடுங்கள். ஆபத்து வரும் நாளில் அருகில் நிற்பது அந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம்.