தெளிவோடு இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமை

புது தில்லி: மனநோய் தீவிரமாகி ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்தால், அவருக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று சொல்வது யார்? மருத்துவரா, உறவினரா? நோயாளியே முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையை 2007-இல் இந்தியா ஏற்றது. அதற்கு இசைய இயற்றப்பட்ட இச்சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 25-க்கும் மேற்பட்டோர் தீயில் கருகிய கொடுமையைக் கண்ட நாட்டில், நோயாளியின் சொல்லுக்குச் சட்டம் மதிப்பளித்தது சிறிய மாற்றமல்ல.

வயதுவந்த எவரும், முன்பு நோயுற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும், தம் விருப்பத்தை எழுத்தில் பதிவு செய்யலாம். தம் சார்பில் முடிவெடுக்கும் பிரதிநிதியையும் நியமிக்கலாம். முடிவெடுக்கும் திறனை இழந்திருக்கும் காலத்துக்கு மட்டுமே அது செல்லும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

மருத்துவர் அதன்படி நடக்கக் கடமைப்பட்டவர். அதை ஏற்க இயலாவிடில் மருத்துவரோ உறவினரோ மனநல மறுஆய்வு வாரியத்தை அணுக வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற அவசர நிலையில் அளிக்கப்படும் சிகிச்சையை இந்த ஆவணம் கட்டுப்படுத்தாது. அத்தகைய சிகிச்சைக்குப் பொதுவாக 72 மணி நேரமே வரம்பு. மின் அதிர்வுச் சிகிச்சைக்கு அதில் இடமில்லை.

ஆனால், தலைநகரில் நிறைவேறிய சட்டம் பாலாற்றங்கரையில் உள்ள பேத்தமங்களா போன்ற ஊர்களை எட்டினால்தான் பயன். தமிழர் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயலுக்கு நீர் வழங்கிய ஏரி உள்ள ஊர் இது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின் இப்பகுதியினர் பலர் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். புகழ்பெற்ற நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள அந்நகரில்தான் இருக்கிறது. நெருக்கடி முற்றிய நோயாளியை அங்கு அழைத்துச் செல்லும் பதற்றத்தில், அவர் விருப்பத்தைக் கேட்டறிய நேரமிராது. கேட்டாலும் சொல்லும் நிலையில் அவர் இருக்கமாட்டார்.

எனவே, இந்த உரிமையை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே, கன்னடத்தோடு தமிழிலும் மக்களுக்கு விளக்க வேண்டும். 2022-இல் தொடங்கப்பட்ட 14416 என்ற இலவச மனநலத் தொலைபேசிச் சேவையையும் இதற்குப் பயன்படுத்தலாம். மறுஆய்வு வாரியங்களும் எளியோர் அணுகும் தொலைவில் இயங்க வேண்டும். இல்லையேல், முடிவெடுக்கும் உரிமை சட்டப் புத்தகத்தில் நோயாளிக்கும், நடைமுறையில் மற்றவர்களுக்குமாகவே இருக்கும்.