‘ஹொட்’ என்னுஞ் சொல்லும் ஏப்பிரல் ஐந்தாந் திகதியும்

ஆண்டுதோறும் ஏப்பிரல் மாதம் 5ஆந் திகதியளவில் இலங்கையின் தென்கோடிக்கு நேர் உச்சியில் நிற்கும் சூரியன், 15ஆந் திகதியளவில் வடகோடியைக் கடக்கின்றது. புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய அந்நாள்களில், ஆங்கிலங் கற்கத் தொடங்கும் சிறாருக்கு ஆசிரியர் முதலிற் சொல்லிக்கொடுக்கத்தக்க வசனம் “இட் இஸ் ஹொட்” என்பதே. அதன் பொருளை அவர்தம் வியர்வையே உணர்த்திவிடும்.

ஆயினும், “எது சுடுகின்றது?” என்று ஒரு பிள்ளை கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. தமிழில் வெயில் எறிக்கின்றது, மழை பெய்கின்றது, எழுவாய் தெளிவாக இருக்கின்றது. ஆங்கில வசனமோ எழுவாயின்றி நில்லாது. ஆதலால் தனக்கெனப் பொருளில்லாத “இட்” என்னுஞ் சொல் அவ்வெற்றிடத்தை நிரப்புகின்றது. நாளைக் கூறும்போதும் இதுவே வழக்கு: “இட் இஸ் மண்டே.”

இனி, “ஹொட்” என்னுஞ் சொல்லை நோக்குவோம். மட்டக்களப்பிலே கச்சான் காற்றுக் கொணரும் வரண்ட வெக்கை வேறு. கொழும்பிலே மழைக்கு முன் உண்டாகும் புழுக்கம் வேறு. தேநீரின் சூடு வேறு. மிளகாயின் உறைப்பு வேறு. தமிழர் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொல் வைத்திருக்க, ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சில் யாவற்றையும் “ஹொட்” என்றே சொல்லிவிடுவர். புழுக்கத்தைச் சிறப்பாகக் குறிக்க வேண்டின் “ஹியூமிட்” என்பர். இளஞ்சூடு “வோம்” எனப்படும். குளிர்நாட்டாருக்கு அச்சொல் இனிமையானது. அன்பான வரவேற்பையும் அவர்கள் “வோம்” என்றே சிறப்பிப்பர். வெப்பநாட்டுத் தமிழருக்கோ உள்ளம் குளிர்ந்தால்தான் மகிழ்ச்சி!

இங்கே ஒரு சொல் தவறினால் நேரக்கூடிய இடரையும் நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். காய்ச்சலால் உடல் கொதிக்கும் பிள்ளை, தமிழறியாத வைத்தியரிடம் “ஐ ஆம் ஹொட்” என்று சொன்னால், அறையில் வெக்கை அதிகமென்று கருதி அவர் மின்விசிறியைச் சுழலவிடக்கூடும். “ஐ ஹாவ் எ பீவர்” என்பதே அப்பிள்ளைக்கு வேண்டிய வசனம். “சூடு = ஹொட்” என்று ஒற்றைச் சொல்லாக மனனஞ் செய்தவனுக்கு இவ்வேற்றுமை புலப்படாது. வசனமாகக் கற்றவனுக்கே அது புலப்படும்.

திகதியிலும் இத்தகைய பொறிகள் உள. “5 ஏப்பிரல்” என்று எழுதி, “த பிவ்த் ஒவ் ஏப்பிரல்” என்று வாசிக்க வேண்டும். ‘வண்’ என்பதற்கும் ‘பேர்ஸ்ட்’ என்பதற்கும் உருவொற்றுமை இல்லையே என்று மாணவர் மலைப்பதுண்டு. தமிழிலும் ‘ஒன்று’, ‘முதலாவது’ என்பவற்றிடையே அவ்வொற்றுமை இல்லை என்று காட்டினால் மலைப்பு நீங்கும்.

இதனிலும் பெரிய சிக்கல் மாதப் பெயரிலே உண்டு. இலங்கைத் தமிழர் ஏப்பிரலைச் சித்திரை என்றும், யனவரியைத் தை என்றும் வழங்குவர். பஞ்சாங்கத்தின்படி சித்திரை பிறப்பதோ ஏப்பிரல் நடுப்பகுதியில். ஏப்பிரல் 5 இன்னும் பங்குனியே. எனவே “சித்திரை ஐந்து” என்று வீட்டார் சொன்னால், அவர்கள் கருதுவது நாட்காட்டித் திகதியா, பஞ்சாங்கத் திகதியா என்று கேட்டறிந்தே ஆங்கிலத்தில் எழுதுதல் வேண்டும். பிறந்த திகதியை விண்ணப்பத்தில் எழுதும்போது இப்பிழை நேர்ந்தால், பின்னர் திருத்துவது எளிதன்று.

எண்ணால் மட்டும் எழுதுவதும் ஆபத்தே. பிரித்தானிய முறையில் 5/4 என்பது ஏப்பிரல் 5. அமெரிக்க முறையில் அதுவே மே 4. மருந்துப் போத்தலில் இறுதித் திகதியைப் பார்ப்பவரும், வெளிநாட்டிலுள்ள மகனுக்குப் பயணநாளை அறிவிப்பவரும் இதனால் ஏமாறலாம். மாதத்தை எழுத்தில் எழுதினால் ஐயமில்லை.

பயிற்சிக்குப் பெரிய புத்தகம் எதுவும் வேண்டியதில்லை. காலைதோறும் ஒரு மாணவர் கரும்பலகையருகே சென்று, அன்றைய திகதியை ஒரு வசனத்திலும், வெளியே பார்த்த வானிலையை மற்றொரு வசனத்திலும் எழுதி உரக்க வாசிக்கட்டும். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், முறை மீண்டும் முதற்பிள்ளையிடம் வரும்போது மாதமும் மாறியிருக்கும். ஒருவேளை மழையும் பெய்திருக்கும்.