பொருந்தினால் போதுமா?

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துத் தேரோட்டத்தைக் கண்டவர்கள், வடம் பிடிப்போரின் ஆரவாரத்தையும் தேரின் கம்பீரத்தையுமே நினைவில் வைத்திருப்பர். சக்கரம் கழன்றுவிடாமற் காக்கும் அச்சாணியை நினைப்பவர் சிலரே. உருவத்திற் சிறியதென்று எதனையும் இகழலாகாது என்பதற்குத் திருவள்ளுவர் அந்த அச்சாணியையே சான்று காட்டினார். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லடியில் நாம் கண்ட ஓர் இரும்புத் துண்டு அவ்வுண்மையை மீண்டும் நமக்கு உணர்த்திற்று.

நம்மிடம் பௌதிகவியல் பயின்ற பழைய மாணவர் ஒருவர், தம் வீட்டுக் கொட்டகையில் சிறு கார் ஒன்றைக் கட்டி வருகிறார். எஞ்சின், 250 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. தெருவில் ஓட்டுவதற்கன்று, உறவினரின் காணியில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்பதே அவருடைய ஆசை. "ஒருமுறை வந்து பார்த்துச் சொல்லுங்கள், சேர்" என்று அழைத்திருந்தார். வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. சிவப்பு வர்ணமும் பூசியாயிற்று. முதல் ஓட்டத்தில் அண்ணனுக்கு அருகில் அமர்வது தானே என்று, பள்ளி செல்லும் தங்கை இடமும் பிடித்து வைத்திருந்தாள்.

இவ்வகைக் கார் உலகிற்குப் புதியதன்று. 1957-ல் இங்கிலாந்தில் கொலின் சாப்மன் என்னும் பொறியியலாளரின் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்னும் சிறு காரை வெளியிட்டது. அதனைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். 1973 முதல் கேட்டர்ஹாம் நிறுவனம் அதனைச் செய்து வருகிறது. அதே சாயலில் அமைந்த கார்களிற் பலர் பிற்காலத்தில் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தலாயினர். எஞ்சின், கிளச், கியர்ப் பெட்டி ஆகிய மூன்றும் ஒரே உறைக்குள் அடங்கியிருப்பதும், பாரம் குறைவாயிருப்பதும் அதன் சிறப்பு. பின்னோக்கிச் செல்லக் கியர் இல்லாமை அதன் குறை.

மோட்டார் சைக்கிளில் கியர்ப் பெட்டியின் சக்தியைப் பின்சக்கரத்திற்குக் கொண்டுசெல்வது சங்கிலி. இக்காரிலோ சங்கிலிப் பற்சக்கரம் இருந்த இடத்தில் ஒரு தட்டைப் பூட்டி, அதிலிருந்து நீண்ட சுழல்தண்டொன்றைப் பின் அச்சுக்குச் செலுத்த வேண்டும். அத்தண்டு நேர்கோட்டில் அமைவதில்லை. பற்சக்கரம் இருந்த இடம் எஞ்சினின் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. பின் அச்சோ பள்ளம் மேடுகளில் ஏறி இறங்குகிறது. ஆகவே தண்டின் இரு முனைகளிலும், வளைந்துகொடுத்தவாறே சுழலும் மூட்டு வேண்டியதாகிறது. கறாச்சுகளில் இதனை யூனிவேர்சல் ஜொயின்ற் என்பர். இரண்டு கவைகள், அவற்றை இணைக்கும் ஒரு சிலுவைத் துண்டு, சிலுவையின் நான்கு கைகளிலும் ஊசி போன்ற உருளைகள் நிறைந்த கிண்ணங்கள். இவ்வளவே அதன் அமைப்பு. இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரும், 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் பெயரும் இதற்கு வழங்குகின்றன. லொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் நாம் நாள்தோறும் காண்பது இதுவே.

நமது மாணவர் சந்தித்த இடையூறு, இடம் போதாமை. எஞ்சினுக்கும் தண்டு செல்லும் கூட்டிற்கும் இடையே சிறிதளவு இடைவெளியே இருந்தது. கடையில் கிடைத்த மூட்டு அதற்குள் நுழையவில்லை. பழைய காரொன்றின் ஸ்டியரிங் தண்டிலிருந்து கழற்றிய சிறு மூட்டோ அளந்து வைத்தாற்போல் அமைந்தது. "எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள், சேர்!" என்று மகிழ்ந்தார்.

நாம் அவரை அமரச்செய்து, ஒரு கணக்குச் செய்யச் சொன்னோம். எஞ்சின் தரும் திருப்புவிசை 20 நியூற்றன் மீற்றர் என்று கொள்வோம். முதலாம் கியரில் அது ஏறக்குறைய 8 மடங்காகப் பெருகி, 160 ஆகித் தண்டை அடையும். சிலுவையின் எதிரெதிரான இரு கைகளே அதனைத் தாங்குகின்றன. நடுவிலிருந்து கை தாங்கும் இடம் 20 மில்லிமீற்றர் தூரத்தில் இருந்தால், ஒவ்வொரு கையின்மீதும் 4000 நியூற்றன், அதாவது சுமார் 400 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். தூரம் 10 மில்லிமீற்றரானால் விசை இரட்டித்து 800 கிலோவுக்கு ஒப்பாகும். மூட்டைப் பாதியாகச் சுருக்கினால் சுமை இருமடங்காகிறது; தாங்கும் கையோ முன்னிலும் மெலிந்துவிடுகிறது. கிளச்சைச் சட்டென விடும்போது விழும் அடி இக்கணக்கிற்கும் மேற்பட்டது. ஸ்டியரிங் மூட்டு மனிதனின் கைவலுவைக் கடத்தவும் மெல்லத் திரும்பவுமே பிறந்தது. நிமிடத்திற்கு 3000 முறை சுழல்வதற்கு அது பிறக்கவில்லை.

கணக்கை முடித்தபோது மாணவரின் முகம் வாடியது. ஏனெனில் அத்தண்டு செல்லும் வழி, ஓட்டுநரின் இடுப்புக்கும் அருகில் அமர்பவரின் இடுப்புக்கும் நடுவே இருக்கிறது. மூட்டு உடைந்தால், விநாடிக்கு 50 முறை சுழலும் இரும்புத் தண்டு கட்டறுந்த நிலையில் மெல்லிய தகட்டைக் கிழித்துவிடும். தங்கை அமரவிருந்த ஆசனத்தை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் நாம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேறு இரு செய்திகளும் அறியத்தக்கன. வளைந்து சுழலும் மூட்டு சீராகச் சுழல்வதில்லை. 20 பாகைச் சாய்வில், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நூற்றுக்கு 6 அளவில் விரைந்தும் தளர்ந்தும் ஓடும். தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நின்று, இரு மூட்டுகளின் சாய்வும் சமமாயிருந்தால், ஒன்றின் குறையை மற்றது தீர்த்துவிடும். பூட்டும்போது பல்வரி மாறிக் கவைகள் தளம் பிசகினாலோ அதிர்வு மிகும். மீன் பாடும் நமது வாவிக் கரையில் தண்டும் பாட வேண்டியதில்லை! மற்றையது, மூட்டு முற்றிலும் நேராக இருப்பதும் தீதே. ஊசி உருளைகள் அசையாது ஒரே இடத்தை அழுத்திக் குழியாக்கிவிடும். ஆதலால் ஒன்றிரண்டு பாகைச் சாய்வு நன்மையே. உப்புக்காற்றும் மணலும் மிக்க இக்கரையோரத்தில் கிறீஸ் இடுவதில் சோம்பலும் ஆகாது. கிண்ணத்தின் ஓரத்தில் செந்நிறத் துருப்பொடி கண்டால், அது மூட்டு விடுக்கும் முன்னறிவித்தல் என்று கொள்க.

இரண்டு வாரங்களின் பின் மீண்டும் சென்றோம். சிவப்பு வர்ணம் பூசிய கூட்டை மாணவர் தம் கையாலேயே வெட்டி அகலமாக்கியிருந்தார். எஞ்சினும் சிறிது முன்னே நகர்ந்திருந்தது. சக்தியைக் கடத்துவதற்கென்றே செய்யப்பட்ட பெரிய மூட்டுகள் இரு முனைகளிலும் இருந்தன. மூட்டு உடைந்தாலும் தண்டு துள்ளி எழாதவாறு, தடித்த உருக்கு வளையங்கள் இரண்டு அதனைச் சூழ்ந்திருந்தன. "அழகு கொஞ்சம் குறைந்துவிட்டது, சேர்" என்றார். தங்கைக்கு அக்குறை தெரியவில்லை. எப்போது ஓடும் என்பதே அவள் கேள்வி.

பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. இடத்திற்கு ஏற்றதா என்று கண் சொல்லிவிடும். சுமைக்கு ஏற்றதா என்பதைக் கணக்கே சொல்ல வேண்டும். கைத்தொழிலில் ஆர்வங்கொண்ட நம் இளைஞர்கள், அளவுகோலை எடுக்கும் அதே வேளையில் எழுதுகோலையும் எடுப்பார்களாக.