உங்களுக்குத் தெரியுமா? – மன்னிப்பும் கடைசித் தீர்ப்பும்

★ மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு கடன்காரன் கதை சொல்கிறார். அதில் வரும் தொகைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அவன் அரசனுக்குத் தர வேண்டியது 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆக மொத்தம் 6 கோடி நாள் கூலி! ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லாமல் உழைத்தாலும் கடனை அடைக்க 1,64,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவன் காலில் விழுந்து கெஞ்சியதும் அரசன் அத்தனையையும் தள்ளுபடி செய்துவிடுகிறான். வெளியே வருகிறவன் கண்ணில் படுவது, தனக்கு 100 தெனாரியம் தர வேண்டிய சக ஊழியன். மூன்று மாதத்துச் சொச்சம் கூலி. தள்ளுபடியான கடனில் 6 லட்சத்தில் ஒரு பங்கு. அதற்காக அவன் கழுத்தைப் பிடிக்கிறான். விஷயம் அரசன் காதுக்குப் போகிறது. ரத்தான பழைய கடன் முழுவதும் மறுபடி இவன் தலையில் ஏறுகிறது. மன்னிப்பு ஒரு பக்கம், தீர்ப்பு மறுபக்கம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கதையைத்தான் படிக்க வேண்டும் என்பேன்.

★ கிறிஸ்தவர்கள் தினமும் சொல்லும் பரமண்டல ஜெபத்தில் வேண்டுதல்கள் பல உண்டு. அவற்றில் நம் பங்கும் (நாம் பிறரை மன்னிப்பதுபோல என்று) சேர்த்துச் சொல்லப்படுவது மன்னிப்பு கேட்கும் இடத்தில் மட்டுமே. ஜெபத்தைக் கற்றுக்கொடுத்த கையோடு இயேசு திரும்ப எடுத்து விளக்குவதும் அதே இடத்தைத்தான்.

★ மேய்ப்பன் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல மக்கள் பிரிக்கப்படும் காட்சி மத்தேயு 25இல் வருகிறது. கடைசித் தீர்ப்பு பற்றிய மிக விரிவான சித்திரம் இதுதான். விசாரிக்கப்படுவது ஆறே விஷயங்கள்: பசித்தவர், தாகமாக இருந்தவர், அந்நியர், ஆடையற்றவர், நோயாளி, சிறையில் கிடந்தவர். எத்தனை முறை கோயிலுக்குப் போனாய் என்ற கேள்வியே அங்கே இல்லை. இரண்டு பக்கத்தாரும் ஒரே மாதிரி திகைப்பதைக் கவனியுங்கள். நல்லது செய்தவர்களுக்கும் தாங்கள் யாருக்குச் செய்தோம் என்பது அதுவரை தெரியாது.

★ பைசாந்திய மரபைப் பின்பற்றும் சபைகளில் தவக்காலம் தொடங்குவதற்கு முன் இரண்டு ஞாயிறுகள் முக்கியமானவை. முதல் ஞாயிறன்று மேலே சொன்ன தீர்ப்புக் காட்சி வாசிக்கப்படும். அடுத்தது மன்னிப்பு ஞாயிறு. அன்று மாலை வழிபாட்டில் குருவானவர் சபையாரின் முன் தாழப் பணிந்து மன்னிப்பு கேட்கிறார். பிறகு வந்திருப்பவர்கள் ஒருவர் முன் ஒருவராகப் போய் அதையே செய்கிறார்கள். மாமியார் மருமகளிடம், முதலாளி வேலைக்காரரிடம், தகப்பன் பிள்ளையிடம். தீர்ப்பைக் கேட்டுவிட்டு ஒரு வாரத்துக்குள் பகையைத் தீர்த்துக்கொள்ளச் சொல்லும் இந்த ஏற்பாட்டை நம் ஊர்ச் சபைகளும் எடுத்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

★ ஆதித் திருச்சபையில் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற பெரும்பாவங்களுக்கு ஞானஸ்நானத்துக்குப் பிறகு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மன்னிப்பு. அதுவும் சபையறியத் தவம் செய்த பிறகே. அதனால் பலர் ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் அதைப் பெற்றது 337இல், மரணப் படுக்கையில். குருவிடம் தனியாக, திரும்பத் திரும்பச் செய்யும் பாவசங்கீர்த்தனம் பரவியது அயர்லாந்துத் துறவிகளால். ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்தே தீர வேண்டும் என்று விதித்தது 1215இல் கூடிய லாத்தரன் பொதுச்சங்கம்.

★ இறந்த நல்லவர்கள் கடைசித் தீர்ப்புக்குப் பிறகுதான் கடவுளை நேருக்கு நேர் காண்பார்கள் என்று பிரசங்கம் செய்தார் ஒரு போப்பாண்டவர், 22ஆம் யோவான். பாரீஸ் இறையியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1334இல் சாகும் தறுவாயில் அவர் அந்தக் கருத்தைக் கைவிட்டார். தூய ஆன்மாக்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்று அவருக்குப் பின் வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல் அறுதியிட்டார்.

★ நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளுக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றி ஜெபிப்பது உத்தரிக்கிற ஸ்தலத்தில் இன்னும் தூய்மை பெற்றுக்கொண்டிருக்கும் ஆன்மாக்களுக்காக. சீர்திருத்தச் சபைகள் அந்த ஸ்தலத்தை ஏற்பதில்லை. சிலுவையிலேயே கணக்கு முழுதும் தீர்ந்தது என்பது அவர்கள் பக்கம்.

★ சிஸ்டைன் சிற்றாலயத்தின் பீடச் சுவரில் மைக்கலாஞ்சலோ கடைசித் தீர்ப்பை வரைந்தது 1536 முதல் 1541 வரை. அதில் புனித பர்த்தலமேயுவின் கையில் உரிக்கப்பட்ட தோல் ஒன்று தொங்குகிறது. அதில் தெரியும் வாடிய முகம் மைக்கலாஞ்சலோவுடையதே என்று பரவலாகக் கருதப்படுகிறது.

★ ஆயிரக்கணக்கானோரைப் புனிதர்கள் என்று அறிவித்திருக்கும் கத்தோலிக்கத் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று இதுவரை ஒருவரைக்கூட அறிவித்ததில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசையும்தான்! பிரான்ஸின் வெஸ்லே பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டுத் தூண் தலைப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் நாக்கு தள்ளித் தூக்கில் தொங்கும் யூதாஸ். மறுபக்கம் அவன் உடலைத் தோளில் சுமந்து போகும் ஒருவர். அவரை நல்லாயனாகிய இயேசுவாகவே கண்டார் போப் பிரான்சிஸ். பல முறை அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறார்.

★ 1995 பிப்ரவரி 25 அன்று மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்குப் போகும் பேருந்தில் அருட்சகோதரி ராணி மரியா குத்திக் கொல்லப்பட்டார். ஏழை விவசாயிகளைக் கந்துவட்டியிலிருந்து மீட்க உழைத்தவர் அவர். கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002 ரக்ஷா பந்தன் அன்று, ராணி மரியாவின் தங்கையும் கன்னியாஸ்திரியுமான செல்மி பால் சிறைக்குப் போய், கொலையாளியைச் சகோதரனாக ஏற்று அவர் கையில் ராக்கி கட்டினார். பிறகு ராணி மரியாவின் குடும்பமே அவர் விடுதலைக்காக மனு கொடுத்தது. 2006இல் அவர் வெளியே வந்தார். ராணி மரியாவுக்கு 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.