வயிற்றறை அமுக்கம்: அளவும் பண்பும்

அளவு மாற்றம் ஒரு குறித்த கட்டத்திற் பண்பு மாற்றமாகும் என்பது இயங்கியல் விதிகளுள் ஒன்று. இலக்கிய வரலாற்றாய்வில் நாம் அடிக்கடி எடுத்தாளும் இவ்விதி, தீவிர சிகிச்சைப் பிரிவிலே கிடக்கும் நோயாளியின் வயிற்றறையினுள்ளும் தொழிற்படுவதைக் காண்கின்றோம்.

வயிற்றறை ஓரளவுக்கே விரியக்கூடியது. கடும் நோயுற்றோரில் அதனுள் அமுக்கம் பொதுவாக 5 முதல் 7 இரச மில்லிமீற்றராகும். பெருங்காயம், தீப்புண், சதையி அழற்சி முதலியவற்றின்போது குடல் வீங்குகின்றது. நீரோ குருதியோ தேங்குகின்றது. இத்துறைக்கான உலகக் கழகம் 2013 இல் வெளியிட்ட வரையறையின்படி, அமுக்கம் 12 இலோ அதற்கு மேலோ நிலைபெறின் அது மிகையமுக்கம். 20 ஐத் தாண்டி நிலைத்து, உறுப்பொன்று புதிதாகச் செயல் தளரின் அது உயிராபத்தான வேறொரு நிலை. பிரிமென்றகடு மேலே தள்ளப்பட்டு மூச்சு இடர்ப்படுகின்றது, நாளங்கள் நெருக்குண்டு இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகின்றது, சிறுநீர் அருகுகின்றது.

இங்கு ஒரு முரண்பாடு உண்டு. உயிரை மீட்க நாளவழி ஏற்றப்படும் திரவமே, மிகையாகும்போது இழையங்களிற் கசிந்து அமுக்கத்தை வளர்க்கின்றது. காரணத்தை அறியாது, சிறுநீர் குறைந்தமை கண்டு மேலும் திரவம் ஏற்றுவது நோயைப் பெருக்கக்கூடும்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்து இதனை நிர்ணயித்தல் நம்பத்தக்கதன்று, அளத்தல் வேண்டும். சிறுநீர்ப்பை வழியே அளந்து, மீண்டும் வயிற்றைத் திறப்பதா என முடிவுசெய்யும் முறையைக் குரோன் முதலியோர் 1984 இல் எடுத்துரைத்தனர். இன்று நோயாளியை மல்லாக்கக் கிடத்தி, சிறுநீர்க் குழாயினூடாக 25 மில்லிலீற்றருக்கு மேற்படாத கிருமிநீக்கிய உப்புநீரைச் செலுத்தி, அக்குளின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டைப் பூச்சியமாகக் கொண்டு, தசைகள் இறுகாதபோது வெளிமூச்சின் இறுதியில் அளப்பர்.

சிகிச்சை படிமுறையானது. இரைப்பையிலும் குடலிலும் தேங்கியவற்றைக் குழாய்மூலம் அகற்றல், நோவைத் தணித்துத் தசைகளைத் தளர்த்தல், திரவ மிகுதியைத் தவிர்த்தல், வயிற்றறை நீரை வடித்தல் என்பன முதற்படிகள். இவை பயன்தராவிடின், சத்திரசிகிச்சையால் வயிற்றைத் திறந்து அமுக்கத்தை விடுவிப்பர். திறந்த வயிற்றைத் தற்காலிகமாகப் போர்த்துக் காத்து, இயன்ற விரைவில் மூடுவர்.

அளத்தலுக்குப் பெரும் இயந்திரம் இன்றியமையாததன்று. நிமிர்த்திய குழாயில் ஏறும் நீரின் உயரத்தைக் கொண்டும் கணிக்கலாம். 20 இரச மில்லிமீற்றர் ஏறத்தாழ 27 சென்றிமீற்றர் நீருக்குச் சமம். ஆனால், திறந்த வயிற்றைப் பேணுவதற்குக் கட்டிலும் தாதியரும் சத்திரசிகிச்சைக்கூடமும் நாட்கணக்கில் வேண்டும். எனவே, அளந்தறியாமைக்கு வறுமையைக் காரணங் காட்டுதல் பொருந்தாது. அளந்தறிந்த பின்னரும் வசதியின்மையால் நோயாளி கைவிடப்படின், அதன் காரணத்தை மருத்துவத்துக்கு வெளியே, சமூகம் தன் வளங்களைப் பங்கிடும் முறையிலே தேடவேண்டும் என்பதே எமது கருத்து.