எந்த வலிப்பு, எந்த மருந்து?

மலேசியாவில் ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவர் விழுந்து கைகால் வெட்டி இழுத்தால், அவர் கையில் இரும்பு கொடுக்க இன்னும் சிலர் சாவிக்கொத்தைத்தான் தேடுகிறார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே அடங்கிவிடும். பெயரை இரும்பு தட்டிக்கொண்டு போகிறது. அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி இழுத்தாலோ உடனே 999ஐ அழையுங்கள்.

கூட இருப்பவர் கைப்பேசியில் படமெடுக்கட்டும். டாக்டர் கண்ணெதிரே வலிப்பு வருவது அபூர்வம். அவருக்குச் சாட்சி நாம்தான். எல்லா வலிப்பும் கீழே தள்ளுவதில்லை. ஒரு கை மட்டும் துடிக்கலாம். விழித்தபடியே வாயை மென்று, சட்டையைப் பிசையலாம். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு அது. வகுப்பில் சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளைக்கு வருவது வேறு வகை. கவனமில்லை என்று அந்தப் பிள்ளை அடி வாங்குவது கொடுமை.

வகை பிசகினால் மருந்தும் பிசகும். ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்குப் பலகாலமாகத் தரப்படும் கார்பமாசெபின், வெறித்துப் பார்க்கும் வலிப்பை மோசமாக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்கு எத்தோசக்சிமைட் அல்லது வால்ப்ரோயேட் பொருந்தும்.

கார்பமாசெபினில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணுக்கூறு உள்ளவர்களுக்கு அது தோலையும் வாயையும் கண்ணையும் வெந்துபோகச் செய்து உயிரையே வாங்கலாம். 2004இல் தைவானில் இது கண்டறியப்பட்டது. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் இக்கூறு அதிகம். இந்தியரிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. மருந்து தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் வால்ப்ரோயேட் பற்றியும் கேட்க வேண்டும். அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். ஆனால் மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி, சரியான மருந்து கிடைத்தால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம். இந்த மருந்துகள் பல அரசாங்கச் சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கின்றன.

செம்பனைக் குலை வெட்டுபவர், வேலை போய்விடும் என்று நோயை மறைத்துவிட்டு நீண்ட கழியில் அரிவாளோடு நிற்பது அவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. தரையோடு செய்யும் வேலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலையிட விபத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சந்தா உரிய அளவு கட்டியவர் நோயால் உழைக்க முடியாமல் போனால், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். டாக்டரின் கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.