இயற்கை மருந்தென்றால் ஆபத்தில்லையா? தெள்ளும் உண்ணியும் சொல்லும் பாடம்

மாணவர்களே, உங்கள் வீட்டு நாயோ பூனையோ ஓயாமல் சொறிந்துகொள்கிறதா? ஒரு சோதனை செய்து பாருங்கள். அதன் முதுகைச் சீப்பால் வாரி, விழும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் படர்ந்தால் அது மண் இல்லை, தெள்ளுப்பூச்சியின் எச்சம். உங்கள் செல்லப்பிராணியின் இரத்தம்தான் அப்படிக் கரைகிறது.

உடனே கடை மருந்தை வெறுத்து, "இயற்கையாக ஏதாவது செய்வோம்" என்று பலர் கிளம்புவார்கள். அதற்கு முன் நம் மண்ணின் கதை ஒன்றைக் கேளுங்கள்.

மலாயாக் காடுகளில் தூபா என்றொரு கொடி உண்டு. அதன் வேரை நசுக்கி ஆற்றில் கலந்தால் மீன்கள் மயங்கி மிதக்கும். 1930-களில் இந்த வேர் இங்கிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. அதைத் தூளாக்கி நாய்களின் தெள்ளை ஒழிக்கப் பயன்படுத்தினார்கள். வேரில் உள்ள ரோட்டினோன் என்ற பொருள், உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தியைத் தடுக்கிறது. பூச்சி சாகிறது, மீனும் சாகிறது. மனிதருக்கும் விலங்குக்கும் அது முற்றிலும் பாதுகாப்பானதல்ல என்பதால், பல நாடுகளில் அதன் பயன்பாடு பின்னர் கைவிடப்பட்டது. முழுக்க முழுக்க இயற்கைப் பொருள்தான், ஆனாலும் நஞ்சு!

இன்றும் இதே தவறு நடக்கிறது. பூண்டும் வெங்காயமும் நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தேயிலைமர எண்ணெய் இரண்டுக்குமே நஞ்சாகலாம். பூனையின் கல்லீரலில் சில பொருள்களைச் செயலிழக்கச் செய்யும் நொதி மிகக் குறைவு. அதோடு, பூசியதை எல்லாம் அது நக்கிவிடும். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பைக் குழப்பும் என்பது உண்மை. ஆனால் வீட்டில் கொதிக்க வைத்த வேப்பிலை நீரில் அது எவ்வளவு இருக்கும் என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

அப்படியானால் இயற்கை வழியே இல்லையா? உண்டு. பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை உடைப்பதே அது.

பெண் தெள்ளு ஒரு நாளில் 40 முட்டைகள் வரை இடும். அவை உடலில் ஒட்டாமல் பாயிலும் தரையிலும் உதிரும். புழு இருட்டில் வளர்ந்து கூட்டுப்புழுவாகி, மாதக்கணக்கில் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வும் உடல் வெப்பமும் மூச்சுக்காற்றும் பட்டதும் துள்ளி வெளிவரும். விடுமுறை முடிந்து பூட்டிய வீட்டைத் திறந்ததும் காலில் கடிப்பது இதனால்தான். ஈப்போவின் வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் இருப்பதால், குளிர்காலம் வந்து இவற்றை அழிக்கப் போவதில்லை.

நாய் உண்ணியும் அப்படியே. பெண் உண்ணி சில ஆயிரம் முட்டைகளைச் சுவர்ப் பிளவுகளில் இடும். பழைய தோட்ட லயங்களின் பலகைச் சந்துகள் அதற்கு மாளிகை!

ஆகவே செய்ய வேண்டியவை இவை:

- நாய் படுக்கும் துணியை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள்.
- தரை, மூலை, பலகைச் சந்துகளைத் தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்து, குப்பையை உடனே கட்டி வெளியே போடுங்கள்.
- சீப்பில் சிக்கும் தெள்ளைச் சவர்க்கார நீரில் அமிழ்த்துங்கள். சவர்க்காரம் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் அது மிதக்காமல் மூழ்கும்.
- உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெயோ நெருப்போ வேண்டாம்.
- வீட்டைச் சுற்றியுள்ள புல்லைக் குட்டையாக வெட்டுங்கள்.

இவ்வளவும் செய்தும் குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். நாய்க்குரிய மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். நாய் சோர்ந்து, காய்ச்சலோடு உணவை மறுத்தாலோ மூக்கில் இரத்தம் வடிந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமியாக இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம்.

அடுத்த முறை "இது இயற்கையானது" என்று யாராவது சொன்னால், "எந்த உயிருக்கு, எவ்வளவு?" என்று கேளுங்கள். உங்களை நம்பி வாலாட்டும் உயிருக்காக அந்தக் கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.